செல்வி கேட்ட பஸ்

ஜூன் 11, செவ்வாய்

சிங்கப்பூர் முதலீட்டாளர்கள் இன்று தொழிற்சாலைக்கு இடம் பார்க்க அப்புத்தளைக்கு வந்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரவு வேலைக்கு வருவார்களா என்று கேட்டார்கள்.

"ராத்திரி லயத்து வீட்டுக்குத் திரும்ப பஸ் இல்லீங்களே. பஸ் போட்டா வாறோம்," என்றாள் கொழுந்து பறிக்கும் செல்வி.

எனக்குக் கிடைக்க வேண்டிய பதவியில் இருக்கும் எங்கள் அலுவலகப் பணிப்பாளர், "வருவாங்கன்னு மட்டும் சொல்லுங்க, சந்திரன்," என்று முணுமுணுத்தார். தொழிற்சாலை வந்தால் என் மகள் கொழும்பு வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பலாம். அவர் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

வந்தவர்களில் ஒருத்தி தமிழில், "அவங்க பஸ் கேட்டாங்களே அங்கிள், அத ஏன் சொல்லல?" என்றாள். சிங்கப்பூரிலும் தமிழர் இருப்பதை எப்படி மறந்தேன்?

பணிப்பாளர் முந்திக்கொண்டு, எல்லாம் என் பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் தேநீரைத் தொடாமல் புறப்பட்டார்கள்.

மகள் இருமுறை அழைத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.