பட்டி இருந்த இடம்

மார்ச் 3
வேலை கிடைத்துவிட்டது. மேய்ச்சல் நிலத்துக்குக் காவல், மரக்கன்று கணக்கெடுப்பு, இரண்டும் நானே. எதையும் நட வேண்டாமாம். ஆட்டை உள்ளே விடாமல் இருந்தால் மரம் தானாக முளைக்குமாம். அது காற்றிலிருக்கும் கரியை இழுக்குமாம். அந்தக் கணக்கை எங்கோ புகை விடுகிற கம்பெனி விலைக்கு வாங்குமாம். சும்மா கிடப்பதற்கும் விலை! என் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தால் இந்நேரம் பணக்காரியாகியிருப்பேன்.

மார்ச் 19
நிலத்தின் நடுவில் அக்காவின் ஆட்டுப்பட்டி. இருபத்துமூன்று ஆடுகள். அத்தான் போனபின் அவளுக்குச் சோறு போடுவது அவைதான். இரண்டு வாரத்தில் காலி செய்யச் சொன்னேன்.
"எங்கடி ஓட்டிட்டுப் போவேன்? சுத்தி வேலி போட்டாச்சே."
"அது உன் பாடு."
"ஆடு கருவேலங்காயைத் தின்னு புழுக்கை போட்டாத்தான்டி இங்க மரம் முளைக்கும்."
மேனேஜரிடம் சொன்னேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஏப்ரல் 2
கெடு முடிந்தது. ஆடுகள் அங்கேயே. படம் எடுத்து அனுப்பிவிட்டேன். "சொந்த அக்கான்னு பார்க்காம செஞ்சீங்களே!" என்றார் மேனேஜர். உச்சி குளிர்ந்தது.

ஏப்ரல் 11
மேனேஜர் சொல்லிக் கசாப்புக் கடை வண்டி வந்தது. அக்கா சினையாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "இது மட்டும் குட்டி போடட்டும். பதினஞ்சு நாள் குடுடி."
ஒருத்திக்கு விட்டால் ஊருக்கே விட வேண்டும். கயிற்றைப் பிடுங்கி நானே ஏற்றினேன். பட்டியையும் பிரித்தாயிற்று.
மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். பிரித்த கம்புகளைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள், பாவி.

மே 5
அக்காவை ஆபீசில் கூட்டிப் பெருக்கவும் டீ கொடுக்கவும் சேர்த்துவிட்டேன். நல்லது செய்தால் யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

ஜூலை 28
நல்ல மழை. நாற்பது இடத்தில் கயிறு கட்டிச் சதுரம் பிடித்துக் கன்று எண்ணப் பார்த்தேன். புல். ஒரு கன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 20
"அடுத்த மாசம் சோதனைக்கு வர்றாங்க. மரம் இல்லைன்னா திட்டமும் இல்ல, நீங்களும் இல்ல" என்றார் மேனேஜர்.
பைத்தியம் பிடித்தவளாக நிலமெல்லாம் நடந்தேன். பட்டி இருந்த இடத்தில் காலில் முள் குத்தியது. கருவேலங்கன்றுகள்! அறுபத்தொன்று. அந்த வட்டத்தில் மட்டும். ஒன்றைப் பிடுங்கினேன் — வேரோடு மக்கிய புழுக்கை.
சொன்னாளே. தலைப்பாடா அடிச்சுக்கிட்டாளே! இனி புழுக்கைக்கு எங்கே போவேன்?

செப்டம்பர் 9
வந்தவர்களை நேராக அங்கே கூட்டிப்போனோம். அக்கா பிளாஸ்க்கோடு பின்னால் வந்தாள்.
"அருமை! இங்க முன்னாடி என்ன இருந்தது?" என்றார் அவர்களில் பெரியவர்.
மேனேஜர் என்னைப் பார்த்தார்.
"ஒண்ணுமில்லைங்க. தானா வந்தது" என்றேன்.
கை தட்டினார்கள். கன்றுகளுக்கு நடுவில் என்னை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அக்கா எல்லாருக்கும் டீ ஊற்றிக்கொண்டே வந்து, கடைசியாக என் முன்னால் நின்றாள்.
"உங்களுக்கும் ஊத்தட்டுங்களா, மேடம்?"
வாங்கிக் குடித்தேன்.