இன்னும் இருபத்திரண்டு

மேலகரத்து மாடி அறைக்கு என்றைக்கும் ஒரே முதலாளியான என் அண்ணனுக்கு,

பழி வாங்கிவிட்டேன். நலம் விசாரித்துத் தொடங்க எனக்குப் பொறுமை இல்லை, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்திருப்பதும் அதற்காகத்தான். நீ படிக்க மாட்டாய் அண்ணே. சாம்பிராணி படிப்பான்.

அந்தப் பெயர் நீ வைத்ததுதானே? பட்டணத்து வானொலி நிலையத்தில் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் தலைவர். போனில் வந்தாலே "புகைய ஆரம்பிச்சிட்டான்" என்று ஸ்பீக்கரைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொல்வாய். அவருக்குக் கேட்டுவிடுமோ என்று நான் பயப்படுவேன். இப்போது கேட்கட்டும்.

அந்த நிலையத்துக்காக நீ பேசிப் பதிவு செய்த அறை நீ விட்டபடியே இருக்கிறது. நாலு சுவரிலும் பழைய மெத்தை, ஜன்னலில் மூன்று மடிப்பு ஜமுக்காளம், மைக்குக்குப் பின்னால் கொடியில் மைனியின் பட்டுச்சேலைகள். எதிரொலி வருகிறது என்று பீரோவிலிருந்து நீ உருவிக்கொண்டு வந்து மாட்டியவை. உன்னைக் கட்டிய பாவத்துக்கு மைனி இதுவரை திருப்பிக் கேட்கவில்லை. சாரல் தொடங்கிவிட்டது. தகரக் கூரையில் தூறல் விழுந்தால் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாய். அது நின்றால் குற்றாலத்துக்குப் போகிற வேன்காரன் ஹாரன் அடிப்பான். அவனையும் அனுப்பிவிட்டு, "அண்ணா சாலையில வண்டியெல்லாம் ஊர்ந்து போகுது மக்களே" என்று அங்கேயே நிற்கிறவன் மாதிரிப் பேசுவாய். கேட்பவன் நம்புவான்.

ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? ஜமுக்காளத்தை விலக்கிச் சாரலைப் பார்த்துவிட்டு, "வெளிய நல்ல மழை, குடை எடுத்துக்கோங்க" என்று பேசி அனுப்பினாய். மறுநாள் காலையில் அது ஒலிபரப்பானபோது பட்டணத்தில் மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு வாரம் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் நீ சட்டம் போட்டாய்: மழை பேசக் கூடாது, வெயில் பேசக் கூடாது, கிழமை பேசக் கூடாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் அந்த முக்கால் நிமிடப் பேச்சை என்றைக்கு எடுத்துப் போட்டாலும் பொருந்த வேண்டும். அதற்கு ஊறுகாய் என்று பெயரும் வைத்தாய். "ஏட்டி பகவதி, வா, நாலு ஊறுகாய் போட்டு வைப்போம். காய்ச்சல் கீச்சல் வந்தா ஆவும்லா?" என்று கூப்பிடுவாய்.

ஆயிற்று அண்ணே. நன்றாகவே ஆயிற்று.

நெஞ்சில் அடைப்பு, தாமதிக்காமல் போய்ப் படுங்கள் என்று தென்காசி டாக்டர் திருநெல்வேலிக்கு எழுதிக் கொடுத்த அன்றே நீ சாம்பிராணிக்குப் போன் செய்தாய். பக்கத்தில் நான் இருந்தேன், அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "ஒரு மாசத்துக்கு வேண்டியதைப் பேசிக் குடுத்துட்டுப் போங்க பிரதர். காலை நேரத்தைக் காலியா விட முடியாது. இல்லேன்னா வேற ஆளைப் போட வேண்டி வரும்." ஒரு மாதத்துக்கு அறுபது ஊறுகாய். ஐந்து நாளில் அறுபதையும் நீ பேசி முடித்தாய், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உன் இருமலை, மூச்சிரைப்பை, தண்ணீர் குடிக்கிற சத்தத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சுத்தமான குரலை மட்டும் அனுப்பினேன். ஆறாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. கார் வருவதற்குள் காப்பி டம்ளரோடு சரிந்துவிட்டாய்.

உன்னை எரித்த மறுநாள், வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, உன் மகள் மீனா, மைனியின் போனை எடுத்து வழக்கம்போல ஏழு மணிக்கு உன் நிலையத்தைப் போட்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு வேறென்ன தெரியும்? "வணக்கம் மக்களே!" என்று நீ சிரித்தாய். கூடத்தில் இருந்தவர்கள் ஓவென்று அழத் தொடங்கினார்கள். கடைசியில், "நாளைக்கும் இதே நேரம் வருவேன், எங்கயும் போயிராதீங்க!" என்றாய். மீனா எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "யாரும் அழாதீய. எங்கப்பா பட்டணத்து ஆபீஸ்லதான் இருக்காவ. நாளைக்கும் வருதாவளாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் நீ வந்தாய். பதினாறாம் நாள் விசேஷத்தில் உன் படத்துக்குப் போட்ட மாலையைக் கழற்றித் தூர எறிந்துவிட்டாள். "உயிரோட இருக்கவங்களுக்கு மாலை போடுவாவளா?" என்று சண்டை. மைனி அவளை அடிக்கக் கையை ஓங்கி, ஓங்கிய கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டாள். நீ பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

நான் சாம்பிராணிக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினேன். "சார், எங்க வீட்டுப் பிள்ள அவ அப்பா செத்ததையே நம்ப மாட்டேங்கா. தயவுசெஞ்சு நிறுத்திருங்க."

"உங்க வருத்தம் புரியுதும்மா. ஆனா நேயர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. ஸ்பான்சர் காலம் முடியட்டும், அழகா ஒரு அஞ்சலி பண்ணிடலாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "உங்க குரலும் நல்லாருக்கே! ஒண்ணு செய்யலாமா? நீங்க அங்கேயிருந்தே கேள்வி கேக்கிற மாதிரி பேசி அனுப்புங்க. அண்ணன் பதில்தான் நம்மகிட்ட இருக்கே. அண்ணன் தங்கச்சி நிகழ்ச்சி, பிரமாதமா இருக்கும்" என்றார்.

எனக்கு அந்த நிமிடம் கை கால் எல்லாம் எரிந்தது. ஆனால் வாய், "சரி சார்" என்றது.

மைனி இரண்டு நாள் என் முகத்தில் விழிக்கவில்லை. மூன்றாம் நாள், "ஏட்டி, அண்ணன் போன சூடு ஆறல, அதுக்குள்ள உனக்கும் மைக் ஆசை வந்துட்டோ?" என்றாள். நான் காரணம் சொல்லவில்லை. சொன்னால் மனசு ஆறிவிடும். ஆறவிட எனக்கு இஷ்டமில்லை.

மூன்று வாரம் உன் நாற்காலியில் உட்கார்ந்து உன்னிடம் கேள்வி கேட்டேன் அண்ணே. "நல்லாருக்கியாண்ணே?" என்று கேட்டு, உன் சிரிப்பை எடுத்து ஒட்டினேன். அதைவிடப் பெரிய பாவம் என் ஆயுசில் செய்ததில்லை. அறுபதும் தீர்ந்ததும் அவர்கள் முதலிலிருந்து போடச் சொன்னார்கள், போட்டேன். மீனா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அத்த, நீங்க மட்டும் அப்பாட்ட பேசுதீய. எனக்கும் ஒரு தடவ குடுங்க" என்று கெஞ்சினாள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனாலும் பொறுத்தேன். முதல் வாரம் நான் அனுப்பியதை அங்கே கேட்டுவிட்டுப் போட்டார்கள். இரண்டாம் வாரம் நேரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஃபைலின் பெயரைத் தவிர எதையும் பார்க்கவில்லை. "ரொம்ப நம்பிக்கையான பொண்ணு" என்று சாம்பிராணி என்னைப் பாராட்டி மெசேஜ் போட்டார்.

அப்புறம்தான் பழைய பதிவுகளைத் திறந்தேன். நான் வெட்டித் தள்ளியதெல்லாம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. உன் கடைசி ஐந்து நாளும் அதில்தான் இருந்தது. எது வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அது கிடைக்கும்போது தாங்குவேனா என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. மைனியையும் மீனாவையும் கூப்பிட்டு என் பக்கத்தில் உட்காரவைத்து நானே நிலையத்தைப் போட்டேன். முதல் பாட்டு முடிந்தது. என் குரல் வந்தது: "நேயர்களே, நீங்க தினமும் கேக்கிற என் அண்ணன் உயிரோட இல்லை. அவன் செத்ததுக்கு மறுநாள்ல இருந்து இந்த நிலையம் அவன் பேசி வச்சதைப் போட்டு உங்களை ஏமாத்துது. லீவு கேட்டப்ப அறுபது பேசிக் குடுத்துட்டுப் போன்னு சொன்னாங்க. அடுத்த பாட்டுக்கு அப்புறம், அவன் எப்படிப் பேசுனான்னு கேளுங்க."

அடுத்த பாட்டு முடிகிறவரைக்கும் அங்கே ஒருத்தனும் விழித்துக்கொள்ளவில்லை. நான் அனுப்பிய இரண்டாவதும் போயிற்று. உன் மூச்சிரைப்பு, தகரத்தில் தூறல், டம்ளர் வைக்கிற சத்தம். "போதும்ட்டி, நெஞ்ச என்னமோ பண்ணுது. இன்னும் எத்தனை இருக்கு?" பிறகு ஒரு பெண் குரல். பிறகு நீ தண்ணீர் குடித்துவிட்டு, செருமிவிட்டு, "வணக்கம் மக்களே!" என்று சிரித்தாய்.

அதற்கு மேல் எதையும் ஓட விடவில்லை. பாட்டைப் பாதியில் அறுத்து ஒரே விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். கால் மணியில் சாம்பிராணி கூப்பிட்டார். "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க, தெரியுமா? வக்கீல் நோட்டீஸ் வரும்!"

"அனுப்புங்க சார். மேலகரத்துக்குத் தபால் ஒழுங்கா வருது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுதேன்" என்றேன்.

நேயர்கள் விடவில்லை அண்ணே. மதியத்துக்குள் நிலையத்துப் போன் ஓயாமல் அடித்திருக்கிறது. மாலையில் அவரே மைக் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டார். ஒரு வாக்கியத்தை மூன்று இடத்தில் தடுக்கினார். அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், தினமும் கேட்கிறேன். இது வன்மம் என்பார்கள். ஆமாம், வன்மம்தான். எனக்கு இனிக்கிறது.

உன் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.  அன்று சாயங்காலம் அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, உன் படத்துக்குத் தன் கையால் மாலை போட்டாள். இறங்கி வந்து என் எதிரே நின்றாள்.

"அத்த, 'இருபத்திரெண்டுதாம்ணே, முடிச்சிருண்ணே, இல்லாட்டி அந்தாளு கத்துவான்'னு அப்பாட்ட சொன்னது நீங்கதான?"

அந்த இடத்தில் என் குரலை வெட்டியெடுக்க எனக்கு இரண்டு விநாடி போதும். ஐந்து நாளும் அந்த வேலைதானே செய்தேன்? வியாழக்கிழமை முழுக்க மவுஸில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்டவில்லை. சாம்பிராணிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

"ஆமாட்டி. நான்தான்" என்றேன்.

அவள் மைனியிடம் போய்விட்டாள். இப்போதெல்லாம் என் பக்கத்தில் உட்காருவதில்லை. சோறு ஊட்டினால் வாங்குவதில்லை. வாங்க வேண்டாம் அண்ணே, அது அவளுக்கு நான் கொடுத்த உரிமை.

அறுபது ஊறுகாயையும் அழித்துவிட்டேன். அந்த வெட்டுத் துண்டை மட்டும் வைத்திருக்கிறேன். மீனா வளர்ந்து எத்தனை வயதில் வந்து கேட்டாலும் போட்டுக் காட்டுவேன், என் குரலில் ஒரு எழுத்தைக் குறைக்காமல். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இன்னும் இருபத்திரண்டுதான் என்று சொன்ன
உன் கூடப்பிறந்த தங்கச்சி,
பகவதி