வேப்பிலைச் சாட்சி

காஜா பேராங், மலாக்கா
மாசி மாதம், ஜப்பான் கணக்கில் 2604

அன்பு மகள் சந்திரமதிக்கு, அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, நீ எங்களிடம் விட்டுப்போன உன் மகள் சீதா மூவரும் நலம். மூவரும் என்று எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்துக்கொண்டு அப்புறம் மேலே படி. சுங்கைப் பட்டாணியில் நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், அரிசி கண்ணில் படுகிறதா, இல்லை அங்கேயும் கிழங்குதானா? தபாலில் போட்டால் உனக்கு முன்னால் வேறு யாராவது படித்துவிடுகிறார்கள், அதனால் லாரியில் வடக்கே வரும் அலி அக்பர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய்க் காப்பி கொடு, காப்பி இல்லாவிட்டால் காப்பி என்று நாம் இப்போது சொல்லிக்கொள்கிற அந்தக் கறுப்புத் தண்ணீரையாவது கொடு.

போன மாதம் சீதாவுக்கு அம்மை போட்டது. பெரியம்மை. இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிப் பத்து நாளாகிறது, ஓடுகிறாள், ஆடுகிறாள், கிழங்கு வேண்டாம் என்று அடம் பிடிக்கிறாள். வலது கன்னத்தில் இரண்டு வடு, நெற்றியில் ஒன்று, அவ்வளவுதான். உனக்கு ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கோபப்படாதே அம்மா. நான் மறைத்தது உன்னிடம் மட்டும் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இப்போதெல்லாம் எனக்குப் பழைய கோர்ட்டு ஞாபகம்தான். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, மேலே கரகரவென்று சுற்றும் காற்றாடி, மாஜிஸ்திரேட் துரைக்கும் கூண்டுக்கும் நடுவே என் மர ஸ்டூல். இருபத்திரண்டு வருஷம் அதில் உட்கார்ந்து தமிழையும் மலாயையும் இங்கிலீஷாக்கினேன். செவ்வாய்க்கிழமை என்றால் முனிசிபல் வழக்கு, சுகாதார இன்ஸ்பெக்டர் கொசுப்புழு நெளிகிற போத்தலைச் சாட்சிப் பொருளாக மேசைமேல் வைப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை நம் வீட்டுத் தொட்டிப் புழுவே வந்துவிட்டது, உன் அம்மா கூண்டில் நிற்கிறாள்! தொட்டியை ஏன் கழுவவில்லை என்று துரை கேட்டதை நான் தமிழில் கேட்டால், அவள் என் முகத்தைப் பார்க்காமலே, “இவரத்தான் கழுவச் சொன்னேன், இவருக்குக் கோர்ட்டு இருக்குதாம்” என்றாள். அதையும் நான்தான் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. கோர்ட்டே சிரித்தது, அபராதம் மட்டும் குறையவில்லை. வெள்ளைக்காரன் ஒன்றும் தர்மராஜா இல்லை. சட்டம் போட்டவன், பிடித்தவன், தீர்ப்புச் சொன்னவன் மூன்று பேரும் சாயங்காலம் ஒரே கிளப்பில்தான் குடித்தார்கள். ஆனாலும் கூண்டில் நின்றவளை வாய் திறக்க விட்டார்கள், அவள் சொன்னதை ஒருத்தர் எழுதினார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

செமாபோக் பால்காரி பூங்காவனத்தை உனக்கு நினைவிருக்கலாம். வீட்டில் பெரியம்மை கண்டால் உடனே முனிசிபலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், தெரிவிக்கவில்லை என்று அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். அவள் கொஞ்சமும் பயப்படாமல், “வாசல்ல வேப்பிலை கட்டினேனுங்க, ஊருக்கே தெரிஞ்சிச்சு, இன்னும் யாருக்குச் சொல்லணும்?” என்றாள். துரை பேனாவை வைத்துவிட்டு, வேப்பிலைக்கு என்ன அர்த்தம் என்று என்னையே கேட்டார். மொழிபெயர்ப்பவன் சாட்சி சொல்லக்கூடாது. ஆனால் அவளைக் காப்பாற்றுகிற ஆசையில், எங்கள் ஜனங்கள் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், அதைப் பார்த்து மற்றவர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்று விளக்கமாகச் சொன்னேன். துரை அவளை எச்சரித்து அனுப்பிவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மறுநாளிலிருந்து இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் சந்து சந்தாக வேப்பிலை தேட ஆரம்பித்தார்கள். அவர்களில் இளையவன் தியாகு, இன்றைக்கும் அதே வேலையில் இருக்கிறான், எசமான்தான் வேறு.

ஜப்பான்காரன் வந்தபின் இப்போது சம்மன் இல்லை, கூண்டு இல்லை. அம்மை என்று தெரிந்தால் லாரி வருகிறது. உஜோங் பாசிரில் ஒரு தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போய், பாய் தலையணையோடு வீட்டையும் கொளுத்தினார்கள். போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. இப்படி இருக்கையில் சீதாவின் உடம்பில் முத்துக் கண்டதும் உன் அம்மா செய்த முதல் வேலை, மாரியம்மன் கோயில் மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் கட்டியது. நான் பாய்ந்து போய்ப் பிய்த்தேன். ஆத்தாளுக்குக் கட்டினதைப் பிய்க்கிறீர்களே என்று அவள் அழுதாள். கொத்தைக் குழந்தையின் பாயைச் சுற்றி வைத்தோம். அடுத்த வீட்டுத் தையல்காரர் ஷரீஃபுதீனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் இல்லையா, சட்டத்தில் என்னால் காப்பாற்ற முடிந்தது அவ்வளவுதான். அவர் தன் பிள்ளைகளுக்கு மறுபடி அம்மை குத்தவைத்தார், யாரையும் நம் வாசல் பக்கம் விடவில்லை. அவர் மனைவி ஜமீலா தினமும் வேலிமேல் கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். அவர்களை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நாலாம் நாள் தியாகு வந்தான். “வீட்டுல யாருக்காச்சும் காய்ச்சல் உண்டுங்களா ஐயா?” என்று கேட்டான். எத்தனை ஆயிரம் பேருக்குச் சத்தியம் செய்துவைத்த வாய் இது, இல்லை என்று சொன்னேன். உள்ளே குழந்தை முனகியது. அவன் கண் கீழே போனது. நான் பிய்த்தபோது உதிர்ந்த இலை நாலைந்து படியில் கிடந்தது. நான் கற்றுக்கொடுத்த பாடம் என் வாசலுக்கே வந்து நிற்கிறது. தியாகு குனிந்தான், ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “வாசலக் கூட்டச் சொல்லுங்க ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஜெயபாலன், சின்னதில் குத்திய அம்மைத் தழும்புதான் இவளைக் காப்பாற்றியது என்றார். அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. நாலு மாதக் குழந்தை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நீ கெஞ்சினாய், அம்மை குத்தச் சட்டம் வைத்த கெடு முடிகிறது என்று நான் தூக்கிக்கொண்டு போனேன். சட்டம் பெரிதா, பேத்தி பெரிதா என்று கேட்டாய். சட்டம் என்றேன். மூன்று நாள் என்னோடு நீ பேசவில்லை. அன்று சட்டத்தைக் காப்பாற்றினேன், அது குழந்தையைக் காப்பாற்றியது. இன்று குழந்தைக்காகச் சட்டத்தை மீறிப் பொய் சொன்னேன். இரண்டில் எது சரி என்று கேட்க இப்போது கோர்ட்டு இல்லை, நீதான் இருக்கிறாய்.

நீயும் மாப்பிள்ளையும் எப்படியாவது மறுபடி அம்மை குத்திக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், தொட்டியைக் கழுவு, உன் அம்மாவைப் போல என்மேல் பழி போடாதே. குழந்தையைப் பார்க்கும்போது அந்தக் கன்னத்தைத் தொட்டு அழுதுவிடாதே, அவளுக்கு அது இன்னும் தெரியாது. மாரியம்மன் உங்களுக்குத் துணை. இதில் தியாகுவின் பெயர் இருக்கிறது, அதனால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. காலமெல்லாம் பிறத்தியார் சொன்னதை மொழிபெயர்த்தவன், இதை மட்டும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன் மகளே.

உன் தீர்ப்புக்குக் காத்திருக்கும்
அப்பா
கலியாணசுந்தரம்