தாளின் அடியில் இருந்த வரி

இன்று காலை வாங்கிவந்த பிரிண்டரின் கேபிளைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அது எதையும் கேட்கவில்லை. லினக்ஸ் தானாகவே அதன் பெயரைக் கண்டுபிடித்து, சோதனைப் பக்கத்தை அடித்துத் தள்ளிவிட்டது. ஈர மையின் வாடை வந்ததும் என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன், திரும்பவும் உட்கார்ந்தேன். உனக்கு எழுதினால் அடங்குமோ என்று எழுதுகிறேன்.

திருட்டு விண்டோஸ் சிடி கூடாது என்று, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நம் இருவர் கம்ப்யூட்டரிலும் ஏற்றியவன் நீ. சித்தூரில் ஒரே கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றோம். நான் திருப்பதிக்கு வந்துவிட்டேன், நீ அங்கேயே இருந்தாய். இடுப்பு ஒடிந்து நீ படுக்கையில் விழுந்த பிறகு, அமெரிக்காவிலிருந்து உன் மகள் எழுதும் மெயில்கள், நீ எழுந்து உட்கார முடியாததால், என் கம்ப்யூட்டருக்கு வந்தன. போனில் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்பா. நீ படிச்சா உன் கொரல்தான் கேக்குது. பேப்பர்ல குடு, அவ கொரல் கேக்கும்."

பிரிண்டர் வாங்கும் முன், "லினக்ஸ்ல ஓடற பிரிண்டர் லிஸ்ட்ல அதும் பேர் கீதா இல்லியான்னு பாரு" என்றும் சொன்னாய். பார்த்தேன். மாடல் எண்ணை நோட்டில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து எடுத்துப்போனேன். கடையில் அது இல்லை, அடுத்த எண்தான் இருந்தது. "ரெண்டூ ஒகடே சார்", இரண்டும் ஒன்றுதான் என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் அது விளக்கை மட்டும் சிமிட்டியது. திருப்பிக் கொடுக்கவும் கூச்சம்.

உன்னிடம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டு அருகே பிரௌசிங் சென்டரில் அடித்து, என் பிரிண்டரில் அடித்தது என்று வாராவாரம் கொண்டுவந்தேன். மூன்றாவது வாரம் பூதக்கண்ணாடியைத் தாளின் அடிக்கு நகர்த்தினாய். ஃபைல் இருந்த இடம் அங்கே பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. சி டிரைவ் என்று தொடங்கியது. லினக்ஸில் அப்படி ஒன்று கிடையாது, விண்டோஸில்தான் உண்டு.

"ஏம்பா, நம்ம மெஷின்ல சி டிரைவ் எப்ப வந்துச்சு?"

பிரௌசிங் சென்டரில் அடித்தது என்று ஒப்புக்கொண்டேன்.

"கடையில அடிச்சா இன்னா? சொல்லிட்டு அடி. ஊருக்கே பரீட்சை வச்ச வாத்தியார் இப்ப மாட்டிக்கினாரு பாரு" என்று இடுப்பு வலிக்கச் சிரித்தாய்.

நானும் சிரித்து விட்டிருக்கலாம். எனக்கோ ரோஷம் வந்துவிட்டது. அடுத்த மெயிலை என் பிரிண்டரிலேயே அடித்துத் தருவது என்று உட்கார்ந்தேன். பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை ஏற்றினேன், அழித்தேன், கொடுத்த கட்டளைகளையெல்லாம் நோட்டில் குறித்தேன். நான்கு நாள் போயிற்று. பிரௌசிங் சென்டர் பத்து நிமிட நடைதான். நீ இரண்டு முறை போன் செய்தாய்.

"மெயில் வந்துச்சாப்பா?"

"வந்துகீது. கொண்டாந்துக்கினே கீறேன்."

ஐந்தாம் நாள் காலை போன் செய்தது உன் மனைவி. நீ போய்விட்டிருந்தாய்.

உன் மகளின் அந்த மெயிலில் பெரிய சேதி ஒன்றும் இல்லை. பனி கொட்டுகிறதாம். புளியோதரை செய்தாளாம், குழைந்து கூழாகிவிட்டதாம். "நைனா, நீ பார்த்தா சிரிப்பே" என்று முடித்திருந்தாள்.

இத்தனை வருடம் கழித்து இன்று புதுப் பிரிண்டரில் அதை அடித்தேன். பழக்கத்தில் தாளின் அடியைப் பார்த்தேன். ஒரு வரியும் இல்லை. உன் வீட்டுக்குக் கொண்டுவர மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சித்தூர் பஸ் நேரங்கள் பழைய நோட்டில் இருக்கின்றன. அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.