எமிலி டீச்சரின் கைகள்

நவம்பர் 12, செவ்வாய்

எமிலி டீச்சருக்கு மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். அதை அவரிடம் சொல்ல வேண்டியது ஆய்வு நர்ஸான நான். நரம்பைத் தாக்கிக் காலை முடக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக நாங்கள் சோதிக்கும் மாத்திரை அது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும். அவருக்கு வெள்ளணுக்கள் மிகவும் இறங்கிவிட்டன. மறுபடியும் ரத்தம் எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"காலு அப்படியேதான் இருக்கு. கையப் பாரு தங்கச்சி," என்று விரித்துக் காட்டினார். தோல் செதில் செதிலாக உரியும் இருபது வருடச் சொரியாசிஸ் இருந்த இடமே தெரியவில்லை. சர்ச்சில் திருவிருந்தன்று, பக்கத்தில் இருப்பவரின் கைகளைப் பொதிந்து "சமாதானம்" என்று சொல்வார்கள்; அது பெஞ்சு பெஞ்சாகக் கைக்குக் கை வரும். அவர் கூச்சப்பட்டு பெஞ்சின் கடைசியில் உட்காருவாராம். "என்கிட்ட வந்து நின்னுரும். இப்பதான் நானும் அடுத்தாளுக்குக் குடுக்கேன்."

என் படிவத்தில் கெடுதலை எழுத மட்டும்தான் இடம் இருக்கிறது. வெள்ளணு குறைவு என்று எழுதினேன்.

"நிறுத்துனா பழையபடி வந்துருமா?"

"வரலாம் டீச்சர்."

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ஒட்டினேன். போகும்போது என் கைகளைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொதிந்து, "சமாதானம்" என்றார். நானும் சொன்னேன்.

ரத்தம் எடுக்கப் போட்ட கையுறையை நான் கழற்றவே இல்லை.