வந்த காரணம்: வேலைக்கு

3.11.2025, திங்கள் (ஐப்பசி 17)
காலை 6.10 முதல் தூறல். ரத்த அழுத்த மாத்திரை நேற்றோடு முடிந்தது. வாங்க வேண்டும்.

பேத்தி கலையரசி உதவித்தொகை அலுவலகத்திலிருந்து 12.20க்குத் திரும்பினாள். வேலையிழந்தோர் உதவி மனு ஏற்கப்படவில்லை. கணினியில் இன்னும் பீங்கான் யூனிட்டில் பணிபுரிவதாகவே இருக்கிறதாம். நிறுத்தியதாக முதலாளியின் கடிதம் தேவை. முதலாளியோ எவரையும் நிறுத்தவில்லை. ஆர்டர் இல்லை, சூளை அணைந்தது, சொல்லி அனுப்பும்வரை வர வேண்டாம் என்றதோடு சரி. அது செப்டம்பர் 15, திங்கள். இன்றோடு ஐம்பது நாள். சம்பளமும் இல்லை, நிறுத்தலும் இல்லை.

கடிதம் கேட்டு யூனிட் மேலாளருக்கு ஒரு மனு எழுதினேன். "உங்க மனுவுல அவரு பஜ்ஜி மடிச்சுத் தின்னுவாரு தாத்தா" என்றாள். கையெழுத்து நன்றாகவே வந்திருந்தது.

4.11.2025, செவ்வாய் (ஐப்பசி 18)
வெயில். மாத்திரை வாங்கியாயிற்று, ஓர் அட்டை குறைவு, கடைக்காரர் நாளை தருவாராம்.

கலையரசி 7.30க்கு யூனிட் சீருடையில் புறப்பட்டாள். வேலை திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லையாம், ஆனால் வேலைக்குப் போகிறாளாம். அவளைப் போலவே வேலையின்றி நிற்கும் மற்ற எட்டுப் பேரும். மாலை 5 வரை கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள். தொழிற்பேட்டை வாசலில் பெண்பிள்ளை நிற்பது எனக்கு உவப்பில்லை. சொன்னேன்.

"வூட்ல உக்காந்திருந்தா மட்டும் கௌரவமா?"

6.11.2025, வியாழன் (ஐப்பசி 20)
நேற்று எழுதவில்லை: அன்னாபிஷேகம், கோயிலில் நெரிசல், கால் வீக்கம்.

கனத்த மழை. குடையை விட்டுப் போய்விட்டாள், கொண்டுபோனேன். 10.40. ஒன்பது பேரும் ஒரே தார்ப்பாயின் கீழ். வாட்ச்மேன் அந்தோணிசாமி என்னையும் பதிவேட்டில் எழுதச் சொன்னார்: பெயர், நேரம், வந்த காரணம். சென்ற ஆண்டு செம்புக் கம்பி திருட்டுப் போனதிலிருந்து, வாசலுக்கு வருபவர் எவராயினும் எழுத வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு.

என் பெயருக்கு மேலே அந்த ஒன்பது பெயர்கள், மூன்று நாளும். நேரம் 8.00. வந்த காரணம்: வேலைக்கு. ஓர் அடித்தல் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டு எழுத்தராக இருந்தவனுக்கு அதன் பொருள் விளங்கிற்று. வந்தவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும், அல்லது நிறுத்தினேன் என்று ஒப்ப வேண்டும். தினமும் பக்கத்தைப் போனில் படமும் எடுத்து வைத்திருக்கிறாள்.

11.15க்கு மேலாளர் ஒன்பது கடிதங்களோடு வந்தார். "சொந்த விருப்பத்தின் பேரில் விலகியவர்." அப்படியிருந்தால் உதவி கிடையாது. நீங்களாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், பெரியவரே, என்றார் என்னிடம். என் வாய் சரி சொல்லத் தயாராகத்தான் இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

கலையரசி முந்திக்கொண்டாள். "வேலைக்கு வந்திருக்கோம் சார். வேலை குடுங்க. இல்லன்னா, இல்லன்னு எழுதிக் குடுங்க."

ஒருவரும் கை நீட்டவில்லை. குடையைத் தந்துவிட்டுத் திரும்ப மனம் வரவில்லை. 5 வரை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

7.11.2025, வெள்ளி (ஐப்பசி 21)
மழை விட்டது. முட்டியில் வலி. 8.00க்கு வாசலில் பத்துப் பேர், பத்தாவது நான். அந்தோணிசாமி காரணம் கேட்டார். "இவர்களோடு" என்று எழுதினேன்.

மேலாளர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினார். உள்ளே போய் முதலாளியோடு நெடுநேரம் போன். 11.50க்கு வேறு ஒன்பது கடிதங்கள்: ஆர்டர் இன்மையால் 15.9.2025 முதல் பணி நிறுத்தம். தேதி சரி. முத்திரை சரி. இருமுறை படித்தேன்.

வேலை போனதாக எழுதி வாங்கியதற்கு ஒன்பது பேரும் டீ குடித்துக் கொண்டாடினார்கள். எனக்குச் சர்க்கரை இல்லாமல்.

"திங்கக்கிழமை அந்த உதவித்தொகை ஆபீசுக்குச் சோறு கட்டிக்கிட்டுத்தான் போகணும் தாத்தா. சீக்கிரம் வுட மாட்டாங்க."

எனக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.