உன் அப்பாவையும் சேர்த்து எழுது

இயேசுவில் அன்புள்ள மகனுக்கு,

நான் விசுவாசத்தை விட்டுவிட்டதாக உன்னிடம் சொன்னவர்களுக்கு முதலில் பதில். காலைப் பூசையை நான் தவறவிடவில்லை. முழங்கால் மடங்காததால் உட்கார்ந்தே செபிக்கிறேன், அவ்வளவுதான். நான் மறுத்தது ஒரு கையெழுத்தை மட்டுமே.

புனிதர் பட்டத்துக்காக நீ எழுதிய சாட்சி அறிக்கையைக் கோயில் உபதேசியார் கொண்டுவந்தார். மறைந்த பெரிய சாமியாரிடம் வேண்டியதால் என் நுரையீரல் குணமானது, ஆகவே அவர் புனிதர் என்பது நிரூபணமாகிறது என்று எழுதியிருக்கிறாய். நல்ல நடை. ஆனால் மருத்துவமனையில் எனக்கு அடுத்த கட்டிலில் உன் அப்பா படுத்திருந்தார். அதே காய்ச்சல், அதே மருந்து. பெரிய சாமியாரின் செபப் படத்தை இருவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். நான் வீடு திரும்பினேன், அவர் திரும்பவில்லை. உன் அறிக்கையில் அவர் எங்கே?

உபதேசியாரையே கேட்டேன். "அதை எழுதினா மேலிடத்துல நிக்காதும்மா, உங்க மகன் ஃபாதரே எடுத்துட்டாரு" என்றார். கான்வென்டில் எங்களுக்கு வடிவியல் நடத்திய சிஸ்டர், விடைக்கு ஒத்துவராத வரியை அழித்தவளை வகுப்பு முடியும்வரை நிற்கவைப்பார். நான் பிழைத்தது சான்று என்றால் அவர் செத்ததும் சான்றுதான். எதற்குச் சான்று என்று நீதான் சொல்ல வேண்டும்.

எனக்குச் சான்று தேவைப்படவில்லை. அவரை அடக்கம் செய்த மறுநாளும் விசுவாசப் பிரமாணத்தை முழுவதும் சொன்னேன். சொல்வதற்கு ஒரு காரணமும் என்னிடம் இல்லை. இருந்தும் சொன்னேன்.

தேவைப்படுவது உனக்குத்தான். கடைசியில் அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நீ பெரிய சாமியாரின் கல்லறையில் எங்களுக்காகப் பூசை வைத்துக்கொண்டிருந்தாய். அங்கே இருந்தது வீணாகவில்லை என்று காட்ட, பிழைத்த நான் வேண்டும். செத்த அவர் வேண்டாம்.

பக்கத்து வீட்டுக்காரி நேற்று, "சாமியாரப் பெத்தவங்களே இப்படிச் சொன்னா நாங்க எங்க போறது?" என்றாள். "பெத்தவளுக்குத்தான் பிள்ளையத் தெரியும்" என்று சொல்லி வாசற்கதவைச் சாத்தினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர்காலத்தில் உனக்கு இருமல் விடாது, அப்பாவின் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

அப்பாவையும் சேர்த்து எழுது, அன்றே கையெழுத்திடுகிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல். போன் செய்யாதே, போனில் நீ பிரசங்கம் செய்கிறாய். பதிலை உன் கையால் எழுதி அனுப்பு.

அம்மா